பேச்சிலும் தீண்டாமையா?

(திண்டுக்கல்லில் ஒரு படிப்பகத்தின் ஆண்டுக் கூட்டத்தில், விதிகளைப் பற்றிய விவாதத்தின்போது பேசியது)



இப்படிப்பகத்தின் விதிகள் என்பதாக அச்சடித்த தாள் ஒன்று நம் எல்லோர் கையிலும் கொடுக்கப்பட்டிருக்கின்றது. அதில் மூன்றாவது விதி, ஜாதி, மதம், ஆண், பெண் என்கின்ற எந்த வித்தியாசமும் இங்கு பாராட்டப்படக் கூடாது என்று சொல்லுகின்றது. மிகவும் சந்தோஷம். ஆனால் அதே தாளைத் திருப்பிப் பார்த்தால் ஒன்பதாவது விதி என்று ஒன்று உட்கார்ந்திருக்கின்றது. மேடையில் பேசுகின்றவர்களும், நிர்வாகக் கமிட்டிக்கு வருகின்றவர்களும் நல்ல தமிழில் பிழையும் தடையும் இல்லாமல் பேசவும் எழுதவும் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது அவ்விதி. இவ்விரண்டு விதிகளும் ஒரே தாளில் எப்படிச் சேர்ந்து வாழ முடியும் என்பதைப் பற்றித்தான் நாம் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தமிழ் பேசச் சொல்வது குற்றமா என்று சில தோழர்கள் முகத்தைச் சுளிப்பது நமக்குத் தெரிகின்றது. பொறுமையாகக் கேளுங்கள். தமிழுக்கு விரோதமாகப் பேச நாம் இங்கு வரவில்லை. நல்ல தமிழ் என்று எழுதியிருக்கின்றீர்களே, அது யார் வீட்டுத் தமிழ், அதை அளந்து சொல்லப் போகிறவர் யார் என்பதுதான் நம்முடைய கேள்வி.

இந்த ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று சற்று யோசித்துப் பாருங்கள். நாகல் நகருக்குப் போனால் வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுகின்றார்கள். பேகம்பூரில் உருது காதில் விழுகின்றது. சின்னாளபட்டியில் தறி நெய்கின்றவர்களில் கன்னடம் பேசுகின்றவர்களும் சௌராஷ்டிரம் பேசுகின்றவர்களும் உண்டு. சுற்று வட்டாரக் கிராமங்களில் தெலுங்கு பேசும் குடியானவர்கள் பல தலைமுறையாக இருக்கின்றார்கள். தெருவைக் கூட்டிச் சாக்கடையை அள்ளி நம்மையெல்லாம் காலரா வராமல் காப்பாற்றும் தோழர்களில் பலர் அருந்ததியர்கள். அவர்களிலும் பலருக்கு வீட்டில் தெலுங்குப் பேச்சு. இது போதாதென்று இப்பொழுது வேடசந்தூர் பக்கத்து நூல் மில்களுக்கு ஒடிசாவிலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும், அஸ்ஸாமிலிருந்தும் ஆட்கள் வருகின்றார்கள். தமிழே வீட்டுப் பேச்சாக உள்ளவர்களை எடுத்துக் கொண்டாலும், ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிறவர் பேசுவதும், கோர்ட்டு குமாஸ்தா பேசுவதும், பூட்டுப் பட்டறையில் ராவுகிறவர் பேசுவதும் ஒன்றாகவா இருக்கின்றது? இவ்வளவு பேரும் வரலாம் என்று வாசலில் எழுதிப்போட்டுவிட்டு, உள்ளே வந்தவன் வாயைத் திறந்தால் பண்டிதரிடம் அத்தாட்சி வாங்கிக்கொண்டு வா என்றால் அதற்கு என்ன அர்த்தம்?

சென்ற மாதக் கூட்டத்தில் நடந்ததைப் பலபேர் பார்த்தீர்கள். மாநகராட்சியில் சுத்தி வேலை பார்க்கும் ஒரு வாலிபத் தோழர் எழுந்து, கூலி பாக்கியைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசினார். ஒரு வார்த்தையை அவர் வீட்டு வழக்கப்படி சொன்னார். முன்வரிசையிலிருந்து ஒருவர் அந்த வார்த்தையைத் திருத்திச் சொன்னார். நாலுபேர் சிரித்தார்கள். அத்தோழர் உட்கார்ந்துவிட்டார், அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. அவரை யாரும் ஜாதிப் பேரைச் சொல்லித் திட்டவில்லை. வெளியே போ என்று சொல்லவில்லை. ஆகையால் மூன்றாவது விதியை யாரும் மீறவில்லை என்று காரியதரிசி எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஆள் போய்விட்டார். கூலி பாக்கியும் பாக்கியாகவே இருக்கின்றது.

இது புதிதாக வந்த வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். சமஸ்கிருத நாடகங்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். அவைகளில் ராஜாவும், பார்ப்பனரும் சமஸ்கிருதம் பேசுவார்கள். பெண்களும் தாழ்ந்தவர்களும் பிராகிருதம் பேச வேண்டும் என்பது முறை. சாகுந்தலத்தில் துஷ்யந்தன் சமஸ்கிருதம் பேசுகின்றான். அவன் பெண்டாட்டியாகப் போகிற சகுந்தலை பிராகிருதம் பேசுகின்றாள். மோதிரத்தைக் கண்டெடுத்த செம்படவன் அதைவிடக் கீழான பாஷை என்று கருதப்பட்ட மாகதியில் பேசுகின்றான். ராஜாவும் ராணியும் ஒரே வீட்டில் குடும்பம் நடத்திக்கொண்டு ஆளுக்கொரு பாஷையில் பேசுகின்றார்கள் என்றால் இதைவிட வேடிக்கை உலகத்தில் உண்டா? மேடையில் ஏறியவன் வாயைத் திறந்தவுடனேயே அவன் எந்தப் படியில் நிற்கிறவன் என்பது சபைக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பதே இதன் ரகசியம். மனுதர்மமும் கௌதம தர்மசூத்திரமும் சூத்திரனுடைய நாக்கை அறுப்பதற்கே சட்டம் போட்டு வைத்திருக்கின்றன. இவர்கள் நாக்கின்மேல் ஏன் இவ்வளவு குறியாக இருந்தார்கள் என்பதை நாம் யோசிக்க வேண்டாமா?

இதெல்லாம் வடக்கே இருந்து வந்த சரக்கு, நம்முடைய தமிழில் இப்படிப்பட்ட புரட்டு இல்லை என்று ஒரு தோழர் தலையாட்டுகின்றார். நம் பண்டிதர்கள் மாத்திரம் என்ன செய்தார்கள்? தங்களுடைய பேச்சுக்குச் செந்தமிழ் என்றும், மற்ற நாட்டார் பேச்சுக்குக் கொடுந்தமிழ் என்றும் பேர் வைத்தார்கள். பாடுபடுகிறவன் பேச்சுக்கு இழிசனர் வழக்கு என்றே பேர். பேச்சில் இழிவு எங்கேயிருந்து வரும்? பேசுகிறவனை இழிந்தவன் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு அவன் வாயிலிருந்து வருவதற்கும் அந்தப் பேரையே சூட்டினார்கள். சினிமாவைப் பாருங்கள். சிரிப்புக் காட்ட வேண்டுமென்றால் ஒருவனை மெட்ராஸ் பாஷை பேசவிட்டால் போதும் என்று எத்தனை வருஷம் படம் எடுத்தார்கள்!

நிற்க, சட்டம் என்ன சொல்லுகின்றது என்று பார்ப்போம். 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்லுகின்றது. 15-வது பிரிவு மதம், இனம், ஜாதி, பால், பிறந்த இடம் ஆகியவைகளைக் காரணமாக வைத்து சர்க்கார் வித்தியாசம் காட்டக்கூடாது என்கின்றது. சர்க்கார் உத்தியோகத்தைப் பற்றிய 16-வது பிரிவு அதோடு வம்சத்தையும் குடியிருக்கும் இடத்தையும் சேர்க்கின்றது. இரண்டிலும் பாஷை என்கிற வார்த்தை கிடையாது. அது 29-வது பிரிவில்தான் வருகின்றது; அதுவும் சர்க்கார் பணத்தில் நடக்கும் பள்ளிக்கூடங்களில் சேர்த்துக்கொள்வதைப் பற்றி மாத்திரம். வேலிக்கு நாலு பக்கமும் முள் வைத்துவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தது போல் இருக்கின்றது.

1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2015-ல் அதைத் திருத்தியபோது, பொதுமக்கள் பார்வையில் ஜாதிப் பேரைச் சொல்லித் திட்டுவது குற்றம் என்று தனியாகவே ஒரு பிரிவு சேர்த்தார்கள். நல்ல காரியம். அதற்குப் பிறகு புத்திசாலிகள் என்ன செய்கின்றார்கள்? ஜாதிப் பேரை வாயில் எடுப்பதில்லை. ‘உங்க பேச்சே சொல்லுதே’ என்கின்றார்கள். ‘நீ எந்தப் பக்கம்?’ என்று கேட்கின்றார்கள். அவன் இழுத்துப் பேசுவது மாதிரியே இழுத்துப் பேசிக் காட்டுகின்றார்கள். இதைப் போலீஸ் ஸ்டேஷனில் போய் எப்படி எழுதிக் கொடுப்பது? ‘ஐயா, என்னை மாதிரியே பேசினார்’ என்று எழுதிக் கொடுத்தால் எழுதிக்கொள்கிறவரே சிரிப்பார்.

பாஷை என்கிற வார்த்தையை எழுதிவிட்டால் மட்டும் போதும் என்றும் நாம் சொல்லவில்லை. இலங்கையைப் பாருங்கள். அங்கே 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்று சட்டம் செய்தார்கள். உத்தியோகத்தில் இருந்த தமிழர்கள் சிங்களப் பரீட்சையில் தேற வேண்டியவர்களானார்கள். பிறகு 1978-ல் ஒரு அரசியல் சட்டம் எழுதினார்கள். அதில் 12-வது பிரிவு, பாஷையைக் காரணமாக வைத்து எந்தப் பிரஜைக்கும் வித்தியாசம் காட்டக்கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லுகின்றது. அதே புத்தகத்தில் ஆட்சி மொழி என்று இருந்ததோ சிங்களம் ஒன்றுதான். 1987-ல் 13-வது திருத்தம் வந்த பிறகே தமிழும் ஆட்சி மொழி என்று எழுதப்பட்டது. இதற்கிடையில் எவ்வளவு உயிர் போயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் படிப்பகத்துத் தாளில் மூன்றாவது விதியும் ஒன்பதாவது விதியும் குடித்தனம் நடத்துவதைப் பார்த்தவுடன் நமக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

ஒரு வார்த்தையை உச்சரிக்கச் சொல்லி ஆளைக் கண்டுபிடிப்பது வெகு பழைய வித்தை. பைபிளில் நியாயாதிபதிகள் புஸ்தகத்தில் ஒரு கதை. யோர்தான் ஆற்றுத் துறையில் நின்றுகொண்டு, தாண்ட வருகிறவனை ஷிபோலேத் என்று சொல்லச் சொல்வார்களாம். சிபோலேத் என்றால் எதிரி; வெட்டிவிடுவார்கள். இப்படி 42,000 பேர் செத்ததாக எழுதியிருக்கின்றது. கணக்கு மெய்யோ பொய்யோ, அந்தப் புத்தியைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 1937-ல் டொமினிக்கன் நாட்டில் ட்ருஜில்லோ என்கிற சர்வாதிகாரியின் பட்டாளம் ஆயிரக்கணக்கான ஹைட்டிக்காரர்களைக் கொன்றபோது, கொத்தமல்லி போன்ற ஒரு தழையின் பேரைச் சொல்லச் சொல்லி, நாக்குப் புரளாதவனைப் பிடித்தார்கள் என்று சொல்லப்படுகின்றது. ‘ழ’ வராதவன் தமிழனா என்று இங்கே விளையாட்டாகக் கேட்கின்றவர்கள் யாரையும் வெட்டப் போவதில்லை. ஆனால் கேட்கிற கேள்வி அதே கேள்விதான்.

நாம் டில்லியைப் பார்த்து என்ன சொல்லிக்கொண்டிருக்கின்றோம்? 1938-ல் இந்தியைப் பள்ளிக்கூடத்தில் கட்டாயமாக்கியபோது இந்நாட்டு ஜனங்கள் ஜெயிலுக்குப் போனார்கள். 1939-ல் நடராசனும் தாலமுத்துவும் செத்தார்கள். 1940-ல் உத்தரவு வாபஸ் ஆயிற்று. அது பழைய சங்கதி. சமீபத்தில், 2011 முதல் ஐ.ஏ.எஸ். முதல்நிலைப் பரீட்சையில் இங்கிலீஷ் வாசகங்களைக் கொடுத்துக் கேள்வி கேட்டு அதற்கு மார்க்கும் போட்டார்கள். தாய்மொழியில் படித்த பிள்ளைகள் 2014-ல் தெருவுக்கு வந்து கத்திய பிறகு அந்த இங்கிலீஷ் மார்க்கைத் தகுதிக் கணக்கில் சேர்ப்பதில்லை என்றார்கள். 2015-ல் அந்தத் தாளையே தேறினால் போதும் என்று மாற்றினார்கள். சி.ஆர்.பி.எப். போலீசுக்கு ஆள் எடுக்கும் பரீட்சை இங்கிலீஷிலும் இந்தியிலும் மாத்திரம் இருந்தது. 2023-ல் நம் மாகாண சர்க்கார் ஆட்சேபித்தது. பிறகு தமிழ் உள்பட 13 பாஷைகளைச் சேர்த்தார்கள். துப்பாக்கி பிடிக்கிறவனுக்கு இந்தி எதற்கு என்று நாம் கேட்டோம். நியாயமான கேள்வி. அதே கேள்வியைத் திண்டுக்கல்லில் ஒருவன் நம்மைப் பார்த்துக் கேட்டால் மாத்திரம் நமக்குக் கோபம் வரலாமா?

2021-ல் ஜொமாட்டோ என்கிற சாப்பாட்டுக் கம்பெனியில் நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். தமிழ்நாட்டு வாடிக்கைக்காரர் ஒருவர் பணம் திரும்பக் கேட்டதற்கு, இந்தி தேசிய மொழி, கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பதில் சொன்னார்கள். இந்தியாவுக்குத் தேசிய மொழி என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. 343-வது பிரிவு ஆட்சி மொழி என்றுதான் சொல்லுகின்றது. ஊரெல்லாம் கூச்சல் கிளம்பியது. கம்பெனி மன்னிப்புக் கேட்டு, பதில் சொன்ன சிப்பந்தியை வேலையைவிட்டு நீக்கி, அன்றைக்கே திரும்பவும் சேர்த்துக்கொண்டது. சீட்டுக் கிழிக்கத் தவறிவிட்டார்களே என்று நம் தோழர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். நமக்கு அந்த வருத்தம் இல்லை. தமிழ்நாட்டில் வியாபாரம் செய்து காசு வாங்குகிறவன், தமிழ் தெரிந்த ஆளை வைக்காமல், தெரியாத ஒரு கூலிக்காரரைப் பதில் சொல்ல உட்கார வைத்தானே, அவனல்லவா குற்றவாளி?

இதே கண்ணோடு நூல் மில்லில் இருக்கும் ஒடிசாக்காரரையும் ஜார்க்கண்டுக்காரரையும் பாருங்கள். அவரை நாம் என்ன சொல்லிக் கூப்பிடுகின்றோம்? வடக்கன் என்கின்றோம். அவர் இந்தி பேசுவதால் இந்தி ஆதிக்கமே இரண்டு கால் முளைத்து வந்துவிட்டதாகக் கோபிக்கின்றோம். ஜார்க்கண்டிலிருந்து வருகின்றவர்களில் சந்தாலி பேசும் ஆதிவாசிகளும் உண்டு. அவருடைய இந்தியைக் கேட்டு அங்கேயுள்ள மேல்ஜாதிக்காரன் சிரித்தான். அவருடைய தமிழைக் கேட்டு இங்கே நாம் சிரிக்கின்றோம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகளை அடித்துக் கொல்கின்றார்கள் என்று பொய்ப்படங்கள் பரவியபோது அது பொய் என்று நாம் எல்லோரும் சொன்னோம், பொய்தான். ஆனால் அந்தப் பொய்யைக் கேட்டவுடன் பயந்து மூட்டை கட்டும் அளவுக்கு அவர்களை நாம் பேச்சுத் துணை இல்லாமல் வைத்திருந்தோமே, அதற்கு யார் ஜவாப்தாரி?

அப்படியானால் எந்த வேலைக்கும் எந்தப் பாஷையும் தெரிய வேண்டியதில்லையா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லுகிறவன் பகுத்தறிவுக்காரனாக இருக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றுவலி என்று வந்த கிழவி சொல்வது டாக்டருக்குப் புரிய வேண்டும். தாலுகா ஆபீசில் குடியானவன் எழுதிக் கொடுத்த மனுவைக் குமாஸ்தா படிக்க வேண்டும். ஆகையால் 2021-ல் தமிழ்நாடு சர்க்கார் தேர்வாணையப் பரீட்சைகளில் தமிழ்த் தாளில் 40 சதவிகித மார்க் வாங்கினால்தான் மேலே போகலாம் என்று உத்தரவு போட்டதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஜனங்களுக்காக உத்தியோகமே தவிர, உத்தியோகஸ்தனுக்காக ஜனங்கள் இல்லை. வெளிமாகாணத்திலிருந்து வரும் ஐ.ஏ.எஸ். உத்தியோகஸ்தர்களும் தமிழ் கற்றுப் பரீட்சை எழுதுகின்றார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களை முதலில் வேலைக்கு எடுத்துவிட்டு, சம்பளமும் கொடுத்து, பயிற்சிக் காலத்தில் வாத்தியாரையும் வைத்துச் சொல்லிக் கொடுக்கின்றார்கள். கலெக்டர் தப்பும் தவறுமாகத் தமிழ் பேசினால் ‘அடடா, எவ்வளவு அழகாகப் பேசுகிறார்!’ என்று கை தட்டுகின்றோம். அருந்ததியத் தோழர் அதைவிட நூறு பங்கு நன்றாகப் பேசினாலும் ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கின்றோம். இதற்குத் தமிழ்ப் பற்று என்றா பேர்?

எனவே பேச்சை ஒரு யோக்கியதாம்சமாக வைக்கிறவன் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த வேலை நடப்பதற்கு அந்தப் பேச்சு மெய்யாகவே வேண்டுமா? வேண்டுமென்றால் எவ்வளவு வேண்டும்? இல்லாதவன் கற்றுக்கொள்வதற்கு என்ன வழி செய்தாய்? கம்பெனிக்காரர்கள் இண்டர்வியூவில் நம் கிராமத்துப் பிள்ளைகளை, கணக்கெல்லாம் சரியாகப் போட்டாலும், ‘பேச்சுத் திறமை’ போதாது என்று திருப்பி அனுப்புகின்றார்களே, அவர்களைக் கேட்டால் இவைகளில் ஒன்றுக்காவது பதில் இருக்குமா? மெஷினோடும் கணக்கோடும் பகல் பூராவும் வேலை செய்யப் போகிறவனுக்கு நுனிநாக்கு இங்கிலீஷ் எதற்கு? தகப்பன் படித்திருக்கின்றானா, எந்தத் தெருவில் வளர்ந்தான் என்பதை நேராகக் கேட்க வெட்கமாக இருப்பதால் இப்படிக் கேட்கின்றார்கள்.

ஹைக்கோர்ட்டு சங்கதியும் இப்படித்தான். 2004 ஜூலையில் மதுரையில் ஹைக்கோர்ட்டுக் கிளை வந்ததனால் நம் ஜில்லாக்காரர்களுக்குச் சென்னைக்குப் போகும் ரயில் செலவு மிச்சமாயிற்று. ஆனால் தன் நிலத்தைப் பற்றித் தன் முன்னாலேயே என்ன பேசிக்கொள்ளுகின்றார்கள் என்பது, வழக்குக்காரனுக்குச் சென்னையில் எவ்வளவு புரிந்ததோ அவ்வளவுதான் மதுரையிலும் புரிகின்றது. 348-வது பிரிவுப்படி அங்கே இங்கிலீஷ். ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஹைக்கோர்ட்டுகளில் இந்திக்கு அனுமதி உண்டு. தமிழுக்கு வேண்டுமென்று 2006-ல் நம் சட்டசபை தீர்மானம் போட்டும் கிடைக்கவில்லை.

இனி நம் ஜில்லாவிலேயே நடந்த ஒன்றைச் சொல்லுகின்றோம். 2021-ல் இங்கே நாச்சி அப்பேரல் என்கிற ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அதன் பிறகு, தலித் பெண்கள் தலைமை வகிக்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022-ல் ஈஸ்ட்மேன் கம்பெனியோடும், துணி வாங்கும் எச் அண்டு எம் கம்பெனியோடும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டது. உலகத்தில் அதைத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே சொல்லுகின்றார்கள். பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர் வாங்கிய ஊர் இதற்கும் பேர் வாங்கியது நமக்குத் தெரியாமல் போனது ஆச்சரியமில்லை. அதில், பெண் என்றோ, ஜாதியைப் பார்த்தோ, வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர் என்பதைப் பார்த்தோ வித்தியாசம் காட்டக்கூடாது என்று கண்டிருக்கின்றது. நமக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. 25 தொழிலாளிகளுக்கு ஒருவர் வீதம், தொழிலாளிகளிலிருந்தே கண்காணிக்கிறவர்களை வைத்தார்கள். மானேஜருடைய அறைக்குப் போய் நல்ல பாஷையில் மனு கொடுக்க வேண்டும் என்றால் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் எந்தக் காலத்தில் போவாள்? பக்கத்து மெஷின்காரியிடம் தனக்கு வந்த பேச்சில் சொல்லலாம் என்றால் சொல்லுவாள். விதி எழுதுகிறவர்கள் இதையெல்லாம் பார்த்து எழுத வேண்டாமா?

ஒன்பதாவது விதியைப் பற்றி இன்னும் ஒன்று. ஈரோட்டுப் பெரியாருக்கு வீட்டுப் பேச்சு கன்னடம். பள்ளிக்கூடத்தில் இருந்தது சில வருஷங்கள்தான். அவர் 1935-ல் எழுத்தைச் சீர்திருத்தி அச்சடித்தபோது, தமிழ் படிக்காதவனுக்கு எழுத்தில் கை வைக்க என்ன யோக்கியதை என்று பண்டிதர்கள் கேட்டார்கள். 1978-ல் சர்க்காரே அந்தச் சீர்திருத்தத்தில் பெரும்பகுதியை உத்தரவாகப் போட்டது. இந்தத் தாளில் உள்ளபடி பார்த்தால் அவர் இங்கே கமிட்டி மெம்பராக வர முடியாது. மேடையிலும் ஏற முடியாது. இந்த மண்டபத்தில் மாட்டியிருக்கும் அவர் படம் மாத்திரம் இருக்கலாம்.

ஆகையால் தலைவர் அவர்களே, நாம் கொண்டுவரும் திருத்தம் இது. ஒன்பதாவது விதியை எடுத்துவிட வேண்டும். மூன்றாவது விதியில் ஜாதி, மதம் என்பவைகளோடு பாஷை, பேச்சு வழக்கு, உச்சரிப்பு என்கின்ற மூன்று வார்த்தைகளையும் சேர்க்க வேண்டும். கூட்டத்தில் பேசுகிறவரைச் சொல்லில் திருத்துகிறவரையும், பேசிக் காட்டிச் சிரிக்கிறவரையும் தலைவர் எழுப்பி வெளியே அனுப்பலாம் என்று அதிகாரம் வேண்டும். தமிழ் எழுத வராதவர் சொல்வதை இருந்து எழுதிக் கொடுக்க ஒரு தோழரும், கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு வாரம் இரண்டு ராத்திரி பாடமும் வேண்டும். பாடத்துக்கு நாம் வருகின்றோம். நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுகிற காரியதரிசி ஒருவருக்கு மாத்திரம் தமிழ் எழுதத் தெரிந்திருக்கட்டும். அது அந்த வேலைக்கு வேண்டும். குறை சொல்ல வருகிறவர் மனுவை எந்தப் பாஷையிலும் வாங்கிக்கொள்ள வேண்டும். அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு, குறை தீர்க்கச் சொல்லி சர்க்காருக்கு எழுதும் மனுவை, இந்நாட்டிலோ மாகாணத்திலோ வழங்கும் எந்தப் பாஷையிலும் எழுதலாம் என்கின்றது. டில்லி சர்க்கார் வாங்கிக்கொள்ளும் மனுவைத் திண்டுக்கல் படிப்பகம் வாங்கிக்கொள்ளாது என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

சென்ற மாதம் எழுந்து போன தோழருடைய வீடு நமக்குத் தெரியும். நாளைக் காலையில் அவருக்கு வேலை முடிகிற நேரத்துக்கு நாமும் காரியதரிசியும் போவதாக ஏற்பாடு. அந்தக் கூலி பாக்கி எத்தனை மாதத்துப் பாக்கி என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. அதைக் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். இந்தத் திருத்தத்துக்கு ஆட்சேபம் உள்ளவர்கள் இப்பொழுதே பேசலாம் என்று கேட்டுக்கொண்டு உட்காருகின்றோம்.